எல்.கே.ஜி.யா, அங்கன்வாடியா? ஆறு வயதுக்குள் ஒரு குழந்தை கற்பது என்ன?

ஆண்டுக்கு இரண்டு முறை இந்தக் குழப்பம் வீடுகளுக்குள் நுழைகிறது. கோடை விடுமுறையில் பள்ளிச் சேர்க்கை தொடங்கும்போது ஒருமுறை. விஜயதசமி அன்று பரப்பிய அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கும்போது இன்னொரு முறை. மூன்று வயதுக் குழந்தையை எங்கே சேர்ப்பது? தெருமுனை அங்கன்வாடியிலா, கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளியிலா? ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது போதுமா, ஆறு நிறைய வேண்டுமா? தேசியக் கல்விக் கொள்கை ஒன்று சொல்கிறது, மாநில நடைமுறை வேறொன்று சொல்கிறது. இரண்டையும் கேட்ட பெற்றோர் பக்கத்து வீட்டுக்காரர் செய்ததையே செய்துவிடுகிறார்கள்.

இந்த விவாதங்களில் பெரும்பகுதி பெயர்ப் பலகை பற்றியதாகவே இருக்கிறது. அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் அறையில் காலை பத்து மணிக்கு என்ன நடக்கிறது என்பதுதான் குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

மூன்று முடிச்சுகள்

1. சட்டம் விட்ட இடைவெளி. அரசியலமைப்பின் 45 ஆவது பிரிவு முதலில் எழுதப்பட்டபோது, 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. கீழ் வயது எல்லை எதையும் அது சொல்லவில்லை. 2002 இல் வந்த 86 ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆனால் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். ஆறு வயதுக்குட்பட்டவர்கள் திருத்தப்பட்ட 45 ஆவது பிரிவுக்குள், அதாவது நீதிமன்றத்தில் உரிமையாகக் கேட்க முடியாத வழிகாட்டு நெறிக்குள் வைக்கப்பட்டார்கள். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தன் 11 ஆவது பிரிவில், மூன்று முதல் ஆறு வயதினருக்கு அரசு முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு செய்யலாம் என்று நிறுத்திக்கொள்கிறது. ‘செய்யலாம்’ என்ற அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருப்பது நாட்டின் மழலையர் கல்வி முழுவதும்.

2. இரண்டு துறைகள். அங்கன்வாடி சமூக நலத் துறையிடம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு பள்ளிக் கல்வித் துறையிடம் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை ஒரு துறையின் பதிவேட்டிலிருந்து வெளியேறி மற்றொரு துறையின் பதிவேட்டில் நுழைகிறது. முதல் துறையில் அது எதைக் கற்றது என்பது இரண்டாம் துறைக்குப் பெரும்பாலும் தெரியாது.

3. இரண்டு வயதுகள். தமிழ்நாட்டில் ஜூலை 31 அன்று ஐந்து வயது நிறைந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயங்களில் 2022-23 முதல் மார்ச் 31 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். மாநில அரசுப் பள்ளியில் அது 2026 ஜூனிலேயே ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடும். கேந்திரிய வித்யாலயத்தில் 2027 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும். ஒரே தெரு, ஒரே பிறந்தநாள், ஏறத்தாழ ஓராண்டு வித்தியாசம்.

முற்றத்துப் பள்ளி

அங்கன்வாடியை இன்றும் ஊர்ப்புறத்தில் ‘பால்வாடி’ என்றே சொல்கிறார்கள். பால் ஊற்றும் இடம் என்பதால் வந்த பெயர் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் ‘பால்’ என்பது பாலர் என்ற சொல்லின் வேர். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் தாராபாய் மோடக் இருக்கிறார். 1945 இல் மகாராஷ்டிரக் கடற்கரைச் சிற்றூரான போர்டியில் ஏழைக் குழந்தைகளுக்காக அவர் மழலையர் மையம் தொடங்கினார். குழந்தைகள் மையத்துக்கு வராதபோது, மையத்தை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார். ‘அங்கன்’ என்றால் முற்றம். அங்கன்வாடி என்றால் முற்றத்துப் பள்ளி.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. ரோம் நகரின் தொழிலாளர் குடியிருப்பில் 1907 இல் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி, 1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால், இத்தாலியரான அவர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். அடையாறிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று நகரத்துத் தனியார் மழலையர் பள்ளிகள் வாசலில் எழுதிக்கொள்ளும் அவர் பெயர், கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான பள்ளியில் பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கான ஊட்டச்சத்துக் கல்வி, குழந்தைகளுக்கான முன்பருவக் கல்வி என்று ஆறு பணிகள். தமிழ்நாட்டில் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் வந்தபோது, இரண்டு வயதுக் குழந்தைகளும் மையங்களில் மதிய உணவு பெற்றார்கள். இன்று மாநிலத்தில் சுமார் 54 ஆயிரம் மையங்கள் இருக்கின்றன. கலவை சாதம், வாரத்தில் மூன்று முட்டை, வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவு என்று உணவுப் பக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. அந்த வெற்றியே ஒரு விதத்தில் பின்னடைவும் ஆனது: ஆறாவது பணியான கல்வியை ஊரும் மறந்தது, அதிகாரிகளும் மறந்தார்கள்.

85 சதவீதம் என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

‘மூளை வளர்ச்சியில் 85 சதவீதம் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது’ என்ற வாசகம் 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில் இருக்கிறது. பள்ளி விளம்பரங்களிலும் இருக்கிறது. படிக்கும் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இது போன்ற எண்கள் பெரும்பாலும் மூளையின் பருமனைப் பற்றியவை. பிறக்கும்போது மூளை வளர்ந்தவரின் மூளையில் சுமார் கால் பங்கு. இரண்டு வயதில் முக்கால் பங்கைத் தாண்டுகிறது. ஆறு வயதில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று என்பதும் உள்ளே குடித்தனம் நடக்கிறது என்பதும் வேறு வேறு. பருமனுக்குப் பிறகும் நரம்பணுக்களின் இணைப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. திட்டமிடல், பொறுமை, முடிவெடுத்தல் ஆகியவற்றைக் கவனிக்கும் நெற்றிப் பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்கிறது. ஆறு வயதோடு கதவு மூடிவிடுவதில்லை.

அப்படியானால் முதல் ஆண்டுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? காரணம் இணைப்புகள் உருவாகும் முறை. குழந்தையின் மூளை தேவைக்கு மேல் இணைப்புகளைப் போட்டுவிட்டு, பயன்படுபவற்றை உறுதிப்படுத்தி, பயன்படாதவற்றைக் கழித்துவிடுகிறது. பிறந்த சில மாதங்களில் எந்த மொழியின் ஒலி வேறுபாட்டையும் பிரித்தறியக்கூடிய குழந்தை, முதல் பிறந்தநாள் நெருங்கும்போது தன் காதில் விழும் மொழிக்கே பழகி, மற்றவற்றை விட்டுவிடத் தொடங்குகிறது. ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றும் ஒலிக்கும் வீட்டில் வளரும் குழந்தைக்கு அவை மூன்று ஒலிகள். அந்த வீட்டிலேயே மூன்றும் ஒன்றாகிவிட்டிருந்தால், பின்னால் தமிழாசிரியர் பிரம்போடு நிற்க வேண்டியிருக்கிறது.

எந்த இணைப்பு உறுதிப்படும் என்பதைத் தீர்மானிப்பது பேச்சின் கொடுக்கல் வாங்கல். குழந்தை ‘ங்கா’ என்கிறது. பாட்டி முகத்தை அருகில் கொண்டுவந்து அதே ஒலியைத் திருப்பிச் சொல்கிறாள். குழந்தை மறுபடி சொல்கிறது. குழந்தை காக்கையைக் கைநீட்டிக் காட்டுகிறது. அம்மா அந்தத் திசையில் பார்த்து ‘காக்கா’ என்று பெயர் சொல்கிறாள். தொலைக்காட்சியும் கைபேசியும் பேசுகின்றன. ஆனால் குழந்தை காட்டிய திசையில் அவை திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை நம் புலவர்கள் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை இலக்கிய அலங்காரமாக மட்டும் படிக்கிறோம். செங்கீரையில் குழந்தை கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிறது, சப்பாணியில் கை கொட்டுகிறது, வருகையில் தளர்நடை போட்டு வருகிறது, அம்புலியில் நிலவைக் காட்டி விளையாட்டுக்கு அழைக்கிறார்கள், சிற்றிலில் மணல் வீடு, சிறுபறையில் கொட்டு, சிறுதேரில் இழுப்பு. கழுத்துத் தசை, கைகளின் ஒத்திசைவு, நடை, இருவர் ஒரே பொருளைப் பார்த்தல், கற்பனை விளையாட்டு என்று இன்றைய குழந்தை மருத்துவர் போட்டுவைத்திருக்கும் பட்டியலோடு இது வெகுதூரம் ஒத்துப்போகிறது. பத்துப் பருவத்தில் எழுதுகோல் எங்கும் வரவில்லை.

விளையாட்டுக்குள் இருக்கும் கணக்கும் மொழியும்

‘எங்கள் பிள்ளை நூறு வரை சொல்வான்’ என்பது பெருமைதான். ஆனால் வரிசையாகச் சொல்வது நினைவாற்றல், எண்ணுவது வேறு. எண்ணறிவு நான்கு படிகளாக ஏறுகிறது.

1. எண்களின் வரிசை தெரிவது. இது பாட்டு மாதிரி. மூன்று வயதில் பலருக்கு வந்துவிடும்.

2. ஒரு பொருளுக்கு ஒரு எண் என்று பொருத்துவது. ஆறு புளியங்கொட்டைகளை எண்ணச் சொன்னால், சிறு குழந்தை ஒரே கொட்டையை இரண்டு முறை தொடும், அல்லது வாய் முன்னே ஓட விரல் பின்தங்கும்.

3. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது. எண்ணி முடித்த குழந்தையிடம் ‘எத்தனை இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இந்தப் படி இன்னும் வரவில்லை.

4. இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்று தெரிவது. நெருக்கமாக வைத்த ஆறு கொட்டைகளைப் பரப்பி வைத்தால் ‘இப்போது நிறைய’ என்று நான்கு வயதுக் குழந்தை சொல்லும். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்தார். தவறு சொல்லும் குழந்தைக்கு அறிவு குறைவு என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்த வயதில் கண் பார்ப்பது எண்ணத்தை வென்றுவிடுகிறது.

இரண்டாவது படிக்குப் பல்லாங்குழியைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது. ஒரு குழிக்கு ஒரு முத்து என்று போட்டுக்கொண்டு போகும் கை, ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தத்தைத் தானாகப் பழகுகிறது. கரும்பலகையில் 1 முதல் 100 வரை எழுத வைப்பது இந்த நான்கில் எதையும் தருவதில்லை.

மொழியிலும் இதே கதை. ‘கைவீசம்மா கைவீசு, கடைக்குப் போகலாம் கைவீசு’ என்று பாடும்போது குழந்தை சொல்லை அசைகளாக வெட்டிக் கேட்கிறது. ஒரே ஒலியில் முடியும் சொற்களைக் காது பிடிக்கிறது. தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை அசைகளையே குறிப்பதால், ‘க-டை-க்-குப்’ என்று காதால் பிரிக்கத் தெரிந்த குழந்தைக்கு எழுத்தைக் காட்டும்போது அது புதிய ஒன்றாகத் தெரிவதில்லை. காதுக்குத் தெரிந்த துண்டுக்குக் கண் ஒரு வடிவம் பெறுகிறது. காது தயாராகாமல் 247 எழுத்துகளின் அட்டவணையைச் சுவரில் மாட்டினால், அது சுவருக்கு அலங்காரம்.

கைக்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதில் அவற்றில் ஏறத்தாழ பாதிதான் எலும்பாக இறுகியிருக்கும். மற்றவை இன்னும் குருத்தெலும்பு. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, சுழியும் வளைவும் கோடும் கலந்த ‘அ’வை நான்கு கோட்டு நோட்டில் இருபது முறை எழுதச் சொல்வது நடக்கிறது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் ‘ட’, ‘ப’ என்று நேர்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்குவது சும்மா இல்லை. அதற்கும் முன்னால் மாவு பிசைதல், மணி கோத்தல், காகிதம் கிழித்தல், மண்ணில் விரலால் கோடு இழுத்தல் ஆகியவை விரல்களைத் தயார் செய்கின்றன. வீட்டில் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கேட்டு அடம்பிடிக்கும் குழந்தை எழுதக் கற்கத் தொடங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பின்னாளில் அதிகம் கைகொடுப்பது தன்னைத் தான் அடக்கிக்கொள்ளும் திறன். சொன்னதை நினைவில் வைப்பது, கை துறுதுறுக்கும்போது நிறுத்திக்கொள்வது, விதி மாறினால் தானும் மாறிக்கொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. குலைகுலையா முந்திரிக்கா விளையாட்டில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் குழந்தை, தன் முதுகுக்குப் பின்னால் துணி விழுந்ததா என்ற பரபரப்பை அடக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காத்திருக்கிறது. நான்கு வயதில் அது எளிய காரியம் இல்லை.

ஒரு தவறான புரிதலை இங்கே நீக்க வேண்டும். விளையாட்டு வழிக் கல்வி என்றால் குழந்தைகளை அவிழ்த்துவிட்டுப் பெரியவர் பதிவேடு எழுதுவது என்று பொருள் இல்லை. எந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அடுத்த படிக்கான பொருளையும் கேள்வியையும் அவர் முன்கூட்டியே வைக்க வேண்டும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்று ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் கருப்பொருள் வாரியாக வகுக்கப்பட்டிருக்கிறது. திட்டம் காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. அதை நடத்த ஆளும் நேரமும் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

தமிழ்நாட்டு மையங்களில் நடந்த ஒரு சோதனை

ஒரு மையத்தில் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். ஊரார் வாயில் டீச்சரும் ஆயாவும். டீச்சர் எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும், சத்துமாவு வழங்க வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், தடுப்பூசி நாளில் செவிலியருடன் நிற்க வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலையும் பலருக்கு உண்டு. மிச்ச நேரத்தில் பாட்டும் கதையும்.

இந்த நிலையில் இன்னொரு ஆளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்தார்கள். நான்கு மாவட்டங்களில் 640 மையங்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியில், முன்பருவக் கல்விக்கென்றே அரை நேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். மற்ற மையங்கள் பழையபடியே இயங்கின. குலுக்கல் ஏன் என்றால், நல்ல மையத்தைத் தேர்ந்தெடுத்து நல்ல முடிவைக் காட்டினார்கள் என்ற ஐயம் எழாமல் இருக்க.

முடிவுகள்:

1. குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது.

2. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, மையத்தில் தொடர்ந்து இருந்த குழந்தைகளின் கணக்கு மதிப்பெண் 0.29 திட்டவிலக்கமும் மொழி மதிப்பெண் 0.46 திட்டவிலக்கமும் உயர்ந்தன. எளிதாகச் சொன்னால், நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தும்போது நடுவில் இருந்த குழந்தை, கணக்கில் ஏறத்தாழ 39 ஆவது இடத்துக்கும் மொழியில் 32 ஆவது இடத்துக்கும் முன்னேறியிருக்கும். மையத்தை விட்டு வேறு பள்ளிகளுக்குப் போய்விட்ட குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் பயன் இதைவிடச் சிறியது.

3. குள்ளத்தன்மையும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் அந்த மையங்களில் குறைந்தன.

மூன்றாவது முடிவை நின்று பார்க்க வேண்டும். கூடுதல் ஆள் சோறு போட வரவில்லை. பாட்டும் கதையும் சொல்ல வந்தவர். அவர் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டதால், பழைய டீச்சருக்கு எடை குறைந்த குழந்தைகளின் வீட்டுக்குப் போகவும் தாய்மாரிடம் பேசவும் நேரம் கிடைத்தது. உணவா கல்வியா என்று நாம் இத்தனை ஆண்டு நடத்திய பட்டிமன்றம் ஒரே ஒரு ஆளின் பற்றாக்குறையால் வந்தது என்று இந்த முடிவை வாசிக்கலாம். சேர்க்கப்பட்ட அரை நேரப் பணியாளர்கள் உள்ளூர்ப் பெண்கள். பெரிய பட்டமோ நீண்ட பயிற்சியோ பெற்றவர்கள் இல்லை. செலவைவிடப் பயன் கணிசமாக அதிகம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

மழலையர் கல்வி பற்றிப் பேசுபவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962 இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளிச் சோதனையை. வறுமையில் இருந்த 123 கறுப்பினக் குழந்தைகளில் 58 பேர் மட்டும் முன்பள்ளியில் சேர்க்கப்பட்டனர். அறிவுத்திறன் மதிப்பெண்ணில் முதலில் தெரிந்த உயர்வு தொடக்கப் பள்ளி ஆண்டுகளிலேயே கரைந்துபோனது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் முன்பள்ளிக் குழுவில் 36 சதவீதம், மற்ற குழுவில் 55 சதவீதம். பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் நல்ல வருமானம் உடையவர்களும் முன்பள்ளிக் குழுவில் அதிகம். மதிப்பெண்ணில் மறைந்தது வாழ்க்கையில் வெளிப்பட்டது; தன்னடக்கமும் பிறரோடு ஒத்துப்போவதும் காரணமாக இருக்கலாம் என்பது நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் போன்றோரின் விளக்கம். அங்கே ஓர் ஆசிரியருக்கு ஆறு குழந்தைகள் அளவில்தான் இருந்தார்கள், ஆசிரியர் வாரந்தோறும் வீட்டுக்கும் போனார் என்பதை எடுத்துக்காட்டுபவர்கள் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

நமக்கு நெருக்கமானது ஜமைக்கா. கிங்ஸ்டன் நகரில் 1980களில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு, உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் போனார்கள். வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளை வைத்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்டகாலப் பயன் தெரியவில்லை.

இதற்கு எதிர்த் திசையிலும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் நடத்திய முன்பள்ளித் திட்டத்தில் சுமார் 3,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, திட்டத்தில் படித்தவர்கள் படிக்காதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள் என்று 2022 இல் முடிவு வெளியானது. ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இருக்கிறது. நாள் முழுதும் முழு வகுப்பையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியது, விளையாட்டு குறைந்தது என்பவை சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானவை. ‘எங்கேயாவது சேர்த்துவிட்டால் போதும்’ என்று நினைப்பவர்கள் இந்த முடிவை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஐந்தா, ஆறா?

தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையான ஐந்து ஆண்டுகளை ‘அடிப்படை நிலை’ என்று ஒரே துண்டாகப் பார்க்கிறது. மூன்று ஆண்டு முன்பருவக் கல்வி, பிறகு ஒன்று, இரண்டாம் வகுப்புகள். அந்தக் கணக்கில் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. மொழி, நிதி, மாநில உரிமை என்று அந்தச் சண்டைக்கு வேறு பல பக்கங்கள் உண்டு. வயதுக் கேள்வியை அதிலிருந்து பிரித்துப் பார்ப்பது நல்லது.

வயது கூடினால் வகுப்பறையில் எளிதாக இருக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. இந்தியாவின் 26 மாவட்டங்களில் 2019 இல் நடந்த, குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் அமைப்பின் ஆய்வு, ஒன்றாம் வகுப்பிலேயே வயதில் மூத்த குழந்தைகள் எல்லாப் பணிகளிலும் சிறப்பாகச் செய்வதைக் காட்டியது. அதே சமயம், ஆறு வயது வரை காத்திருப்பவர்கள் அந்த ஓராண்டை எங்கே கழிப்பார்கள் என்று கேட்க வேண்டும். ஏழு வயதில்தான் பள்ளி தொடங்குகிறது என்று பின்லாந்தை உதாரணம் காட்டுகிறோம். அங்கே அதற்கு முந்தைய ஆண்டு முன்பள்ளி 2015 முதல் கட்டாயம்; அதற்கும் முன்னால் பகல்நேரக் காப்பகம் ஒவ்வொரு குழந்தையின் உரிமை. அந்த ஏற்பாடு இல்லாத ஊரில் வயதை மட்டும் ஆறாக்கினால், வசதியுள்ள வீட்டுக் குழந்தை இன்னும் ஓராண்டு கட்டணப் பள்ளிக்குப் போகும். கூலித் தொழிலாளியின் குழந்தை ஓராண்டு தாமதமாகப் பள்ளிக்குள் நுழையும்.

2,381 மையங்களின் கதை

தமிழக அரசு 2019 இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. தனியார் பள்ளிக்குப் போகும் குழந்தைகளை மூன்று வயதிலேயே பிடிக்காவிட்டால் ஒன்றாம் வகுப்பில் பிடிக்க முடியாது என்பது அதன் பின்னிருந்த கணக்கு. கணக்கு சரிதான், தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்த குழந்தை பெரும்பாலும் அங்கேயே மேலே போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடுகூட அங்கே எல்.கே.ஜி.யிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் ஆள் எங்கிருந்து வந்தார்கள்? உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்கள் அனுப்பப்பட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தப் பயின்றவர்களுக்கு மூன்று வயதுக் குழந்தையோடு தரையில் உட்காருவது பதவி இறக்கமாகத் தெரிந்தது; எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் வந்தன. 2022 ஜூனில் ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். குழந்தைகள் மறுபடி அங்கன்வாடிப் பொறுப்புக்குப் போவார்கள் என்று அறிவிப்பு வந்தது. பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்த சில நாள்களிலேயே, வகுப்புகள் தொடரும், மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்கள் அமர்த்தப்படுவார்கள் என்று அரசு நிலையை மாற்றிக்கொண்டது.

மூன்று ஆண்டுகளில் ஒரே அறைக்கு மூன்று விதமான பெரியவர்கள் வந்துபோனார்கள். மூன்று வயதுக் குழந்தை பாடத்திட்டத்தை நினைவில் வைப்பதில்லை. காலையில் கதவருகே நிற்கும் முகத்தைத்தான் நினைவில் வைக்கிறது.

ஒரு மையத்தைப் பார்க்கப் போகும்போது

எந்தப் பலகை மாட்டியிருந்தாலும், அரை மணி நேரம் நின்று பார்த்தால் கீழ்க்கண்டவை தெரிந்துவிடும்.

1. ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள்? 2013 ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை மூன்று முதல் ஆறு வயதினருக்கு 20 பேருக்கு ஒருவர் என்கிறது. மூன்று வயதுக்குக் கீழே 10 பேருக்கு ஒருவர்.

2. அறையில் அதிகம் கேட்பது யாருடைய குரல்? டீச்சரின் குரல் மட்டும் என்றாலும் கவலை, கோரஸாகத் திருப்பிச் சொல்வது மட்டும் என்றாலும் கவலை. குழந்தைகள் தனித்தனியாகப் பேசுகிறார்களா, பதில் கிடைக்கிறதா?

3. பொருள்கள் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா? ஆய்வாளர் வரும் நாளுக்காகப் புதுக்கருக்கு கலையாமல் காத்திருக்கும் விளையாட்டுப் பெட்டிகள் எல்லா மாவட்டங்களிலும் உண்டு.

4. அழும் குழந்தையை யார் தூக்குகிறார்கள், எவ்வளவு நேரத்தில்?

5. வீட்டுப்பாடம் உண்டா? நான்கு வயதில் உண்டு என்று பெருமையாகச் சொன்னால், வேறு மையத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அங்கன்வாடிப் பெற்றோர் கூடுதலாக இன்னொன்றையும் கேட்கலாம்: காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை டீச்சர் எங்கே இருக்கிறார்? மையத்துக்கு வெளியே ஏதோ ஒரு துறையின் கணக்கெடுப்பில் இருக்கிறார் என்பது பதிலானால், அதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வியைக் கிராம சபையில் கேட்க வேண்டும். தீர்மானமாக எழுதி வாங்க வேண்டும்.